காசு உங்களுடையது, கம்பி யாருடையது?

ஆபீஸ் டெலிபோனில் சொந்த அட்டையைக் கொண்டு பேசலாமா?

"என் காசில்தான் பேசுகிறேன். ஆபீசுக்கு ஒரு பைசா செலவில்லை. இதில் என்ன தப்பு?"

இப்படி ஒருவர் கேட்டால் உடனே பதில் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆபீஸ் டெலிபோனில், ஆபீஸ் செலவில், சொந்த விஷயம் பேசுவது தப்பு. இது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சொந்த டெலிபோனில் பேசுவது தப்பில்லை. இதுவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. டெலிபோன் ஆபீசுடையது, காசு பேசுகிறவருடையது. அது சரியா, தப்பா?

அமெரிக்காவில் 1980-களிலும் 1990-களிலும் எத்தனையோ ஆபீசுகளில் இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் காரணம் 'காலிங் கார்டு' என்ற டெலிபோன் அட்டை. அந்த நாட்களில் கம்ப்யூட்டர் வேலைக்காக அங்கே போன நம் பிள்ளைகள் பலர், இந்த அட்டையை வைத்துத்தான் சென்னைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் பேசினார்கள். ஆகவே நம் குடும்பங்களுக்கும் இது தெரிந்த விஷயமே.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவசியமானால் பேசலாம். ஆபீஸ் அதை அனுமதிக்கவும் வேண்டும். ஆனால், 'காசு கொடுத்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது' என்று நினைப்பது சரியல்ல. அந்த அட்டை டெலிபோன் கம்பெனியின் கணக்கைத்தான் தீர்க்கிறது. ஆபீசின் கணக்கை அது தீர்ப்பதில்லை.

ஏன் என்று பார்ப்போம்.

அட்டையின் கதை

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தூரத்து ஊருக்குப் பேசினால் தனிக் கட்டணம் உண்டு. வெளிநாட்டுக்குப் பேசினால் கட்டணம் இன்னும் அதிகம். எந்த டெலிபோனிலிருந்து பேசுகிறோமோ, அதன் பில்லில் அந்தக் கட்டணம் ஏறிவிடும். அடுத்தவர் வீட்டிலிருந்தோ, ஓட்டலிலிருந்தோ, ஆபீசிலிருந்தோ பேசுகிறவர் என்ன செய்வார்?

அவருக்காக வந்ததுதான் அட்டை. இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, பேசிவிட்டு மாதக் கடைசியில் பணம் கட்டுவது. டெலிபோன் கம்பெனி கொடுத்த அந்த அட்டையில் பொதுவாக 14 இலக்கங்கள் இருந்தன. முதல் 10 இலக்கமும் வீட்டு டெலிபோன் எண். கடைசி 4 இலக்கமும் ரகசிய எண். எங்கிருந்து பேசினாலும் கட்டணம் வீட்டு பில்லில் வந்து சேரும்.

இரண்டாம் வகை, முன்பணம் கொடுத்து வாங்குவது. 1990-களில் இது மளிகைக் கடைகளிலும் கிடைத்தது. 5 டாலர், 10 டாலர், 20 டாலர் என்று விற்றார்கள். பின்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். அதைச் சுரண்டினால் ரகசிய எண் தெரியும். பணம் தீரும்வரை பேசலாம்.

பேசும் முறை எப்படி? அட்டையில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது பெரும்பாலும் 800 என்று ஆரம்பமாகும். அமெரிக்காவில் 800 எண்ணைக் கூப்பிடுகிறவருக்குச் செலவில்லை. கூப்பிடப்படுகிறவரே கட்டணம் கொடுப்பார். 1967-ம் ஆண்டு அங்கே ஆரம்பமான ஏற்பாடு இது.

ஆபீஸ் டெலிபோனில் முதலில் 9 என்ற எண்ணை அழுத்த வேண்டும். வெளி லைன் கிடைக்கும். (சில ஆபீசுகளில் வேறு எண்.) பிறகு 1. பிறகு அந்த 800 எண். ஒரு குரல் ரகசிய எண்ணைக் கேட்கும். அதை அழுத்தினால், 'யாரிடம் பேச வேண்டும்?' என்று கேட்கும். சென்னைக்குப் பேச வேண்டுமானால் 011, 91, 44 என்று அழுத்திவிட்டு, வீட்டு எண்ணை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். சென்னையில் மணி அடிக்கும்.

பூட்டிய கதவும் திறந்த ஜன்னலும்

ஆபீஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆபீசுக்குள் இருக்கும் சின்ன எக்ஸ்சேஞ்சுக்கு 'பி.பி.எக்ஸ்.' என்று பெயர். ஒவ்வொரு மேஜை டெலிபோனுக்கும் எந்த அளவு உரிமை என்று அதில் எழுதி வைக்கலாம். மானேஜர் வெளிநாட்டுக்குப் பேசலாம். குமாஸ்தா உள்ளூருக்கு மட்டும் பேசலாம். வாசலில் இருக்கும் டெலிபோன் ஆபீசுக்குள் மட்டும் பேசலாம். நம் ஊரில் எஸ்.டி.டி.யைப் பூட்டி வைத்தது போலத்தான்.

ஆனால் 800 எண்ணைப் பூட்டுவது கஷ்டம். ஆபீஸ் வேலைக்கே அந்த எண்கள் தேவை. விமானக் கம்பெனி, பாங்கி, சரக்கு அனுப்பும் கம்பெனி எல்லாம் 800 எண்தான் வைத்திருந்தன. அதற்குச் செலவும் இல்லை. எனவே அதைத் திறந்தே விட்டார்கள்.

கதவு பூட்டியிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. அட்டை வைத்திருந்தவர் ஜன்னல் வழியாகச் சென்னைக்குப் போய்விட்டார்!

ஆபீஸ் கணக்கில் என்ன பதிவாகும்? எந்த மேஜை, எத்தனை மணிக்கு, எந்த எண், எவ்வளவு நேரம் என்று பதிவாகும். ஆனால் எண் என்ற இடத்தில் 800 எண்தான் இருக்கும். அட்டைகள் பலவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பேச்சு முடிந்ததும் ரிசீவரை வைக்காமல் 'ஹாஷ்' பட்டனை அழுத்தினால், அடுத்த ஊருக்குப் பேசலாம். அம்மாவிடம் பேசி, அக்காவிடம் பேசி, மாமாவிடமும் பேசினாலும், ஆபீஸ் கணக்கில் 'ஒரே அழைப்பு, 40 நிமிடம்' என்றுதான் இருக்கும்.

ஏன் ஆபீசிலிருந்து?

"வீட்டுக்குப் போய்ப் பேசினால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான்.

கோடைகாலத்தில் நியூயார்க் நேரத்தைவிட நம் நாட்டு நேரம் 9½ மணி முன்னால் ஓடுகிறது. குளிர்காலத்தில் 10½ மணி. கோடையில் அங்கே மாலை 6 மணிக்கு ஒருவர் ஆபீசிலிருந்து வீடு திரும்பினால், இங்கே அதிகாலை 3-30 மணி. எல்லோரும் தூங்கும் நேரம். அங்கே காலை 10-30 மணி என்றால் இங்கே இரவு 8 மணி. வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம். அங்கேயோ ஆபீஸ் நேரம்!

அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் டெலிபோன் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. பக்கத்து வீட்டு டெலிபோன் எண்ணை 'பி.பி. நம்பர்' என்று கொடுத்து வைப்பார்கள். "அத்தை, அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்று மகன் கேட்பான். பக்கத்து வீட்டுக்காரரை விடியற்காலையில் எழுப்ப முடியுமா? நடுராத்திரியில் எழுப்ப முடியுமா? மரியாதையான நேரத்தில்தான் கூப்பிட வேண்டும். அந்த மரியாதையான நேரம் அமெரிக்காவில் ஆபீஸ் நேரமாக இருந்தது.

ராத்திரி 10 மணிக்குமேல் விழித்திருந்து வீட்டிலிருந்து பேசியவர்களும் உண்டு. முடிந்தவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் தகப்பனாருக்கு ஆபரேஷன் என்றால், 'அவருக்கு நினைவு திரும்பிவிட்டது' என்ற ஒரு வார்த்தைக்காக ராத்திரிவரை காத்திருக்க முடியுமா? அப்படிப்பட்டவருக்கு அந்த அட்டை பெரிய துணையாக இருந்தது. ஆபீசுக்குக் கடன் வைக்காமல், யாரிடமும் கெஞ்சாமல், தன் காசில் தன் வீட்டுச் செய்தியைக் கேட்டார். அவரைக் குற்றவாளியைப் போல நடத்துவது தர்மமல்ல.

ஆபீசுக்கு நஷ்டமே இல்லையா?

சரி, 'ஆபீசுக்கு ஒரு பைசா செலவில்லை' என்ற வாதத்துக்கு வருவோம். பில்லைப் பார்த்தால் அது உண்மை. ஆனால் பில்லில் வராத செலவும் உண்டு.

தெருவில் இருந்த பொது டெலிபோனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தும் 800 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். ஆனால் அந்த டெலிபோன் பெட்டியை வைத்தவருக்கு என்ன லாபம்? அவருடைய பெட்டி, அவருடைய லைன். பேசுகிறவரோ காசு போடுவதில்லை. இது நியாயமில்லை என்று 1996-ம் ஆண்டு அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். பெட்டிக்காரருக்கு ஒவ்வோர் அழைப்புக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். 1997-ம் ஆண்டு அந்தத் தொகை 28.4 சென்ட் என்று நிர்ணயமாயிற்று. அட்டைக் கம்பெனிகள் பல, அதைப் பேசுகிறவரிடமே வசூலித்தன. ஆபீஸ் டெலிபோனிலிருந்து பேசினால் இந்த உபரிக் கட்டணம் இல்லை!

இதிலிருந்து என்ன தெரிகிறது? அழைப்பு இலவசமானாலும், கருவிக்கும் லைனுக்கும் ஒரு மதிப்பு உண்டு. தெருப்பெட்டிக்காரருக்குச் சட்டம் அந்த மதிப்பை வாங்கிக் கொடுத்தது. ஆபீசுக்கு யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓர் ஆபீசில் 100 மேஜை, 100 டெலிபோன் என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் லைனும் 100 இருக்குமா? இருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவதில்லை. ஆகவே 10 லைன் போதும் என்று எடுத்திருப்பார்கள். அந்த 10 லைனும் எல்லோருக்கும் பொது. ஊர்க் கிணறு போல.

டென்மார்க் நாட்டில் ஏ.கே. எர்லாங் என்ற கணித நிபுணர் இருந்தார். கோபன்ஹேகன் நகர டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேருக்கு லைன் கிடைக்காமல் போகும் என்று கண்டுபிடிக்க, 1917-ம் ஆண்டு அவர் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். இன்றும் அது உபயோகத்தில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லைன்கள் 10. சராசரியாக 5 லைன் போதுமான அளவுக்குப் பேச்சு. அப்போது 100 தடவை முயன்றால் சுமார் 2 தடவைதான் லைன் கிடைக்காது. பரவாயில்லை. இப்போது சொந்தப் பேச்சு சேருகிறது. யாராவது இரண்டு பேர் எப்போதும் அட்டை போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சராசரி 5 என்பது 7 ஆகிறது. இன்னும் 3 லைன் மிச்சம் இருக்கிறதே, கவலை என்ன என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு பதில் சொல்லுகிறது. 100 தடவை முயன்றால், சுமார் 8 தடவை லைன் கிடைக்காது.

இரண்டு பேர் கூடுதலாகப் பேசினார்கள். ஏமாற்றமோ நான்கு மடங்காகிவிட்டது!

அந்த ஏமாற்றம் முதலாளிக்கு மட்டும் வருவதில்லை. வாடிக்கைக்காரருக்கு வரும். பக்கத்து மேஜைக்காரருக்கு வரும். பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அதே ஆபீசில் வேலை செய்யும் தாய்க்குச் சொல்ல, ஆசிரியை முயன்றுகொண்டிருப்பார். அவருக்கும் வரும். 'என் காசு' என்று சொல்லி லைனைப் பிடித்துக்கொண்டவர், முன்பின் தெரியாத ஒரு தாயின் வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

நேரத்துக்கு அட்டை உண்டா?

அட்டையால் வாங்க முடியாத இன்னொன்று நேரம்.

தினம் 20 நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 நாள் வேலை. ஒரு வாரத்தில் 100 நிமிடம். 50 வாரத்தில் 5,000 நிமிடம். அதாவது 83 மணி 20 நிமிடம். ஒரு நாளைக்கு 8 மணி வேலை என்றால், 10 நாளுக்கும் மேலான சம்பளம். தினமும் 20 நிமிடம் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றுகிறது. வருஷக் கணக்கில் பார்த்தால் சின்ன விஷயமல்ல.

அட்டை வியாபாரமும் பேச்சை நீளமாக்கியது. முன்பண அட்டைகள் பலவற்றில், ஒவ்வொரு முறை லைன் கொடுப்பதற்கும் ஒரு கட்டணம் பிடித்தார்கள். இரண்டு நிமிடம் பேசினாலும் அதே கட்டணம். முப்பது நிமிடம் பேசினாலும் அதே கட்டணம். 'ஒரே தடவையில் எல்லாம் பேசிவிடலாம்' என்றுதானே யாருக்கும் தோன்றும்? காலாவதித் தேதி வேறு. விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களைத் தராத கம்பெனிகளும் இருந்தன. 2008-ம் ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அப்படிப்பட்ட கம்பெனிகள்மீது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஏழைகளும் குடியேறியவர்களும்தான் அதில் அதிகமாக ஏமாந்தார்கள்.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை. 5 மணிக்கு முடியவேண்டிய வேலைக்கு 6 மணிவரை உட்கார வைக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. பிறகு குமாஸ்தாவின் 5 நிமிடத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது அழகல்ல. நேரத்தில் நாணயம் இரண்டு பக்கமும் வேண்டும்.

சர்க்கார் கண்ட வழி

இந்தச் சிக்கலை அமெரிக்க மத்திய சர்க்கார் எப்படித் தீர்த்தது என்பது கவனிக்கத் தக்கது.

1993-ம் ஆண்டு, மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு ஒழுக்க விதிகள் அமலுக்கு வந்தன. சர்க்கார் சொத்தைச் சொந்தக் காரியத்துக்கு உபயோகிக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி. அந்த விதியின் கீழ் ஓர் உதாரணம் கொடுத்திருந்தார்கள். என்ன உதாரணம் தெரியுமா? ஓர் ஊழியர் தன் சொந்த அட்டையில் கட்டணம் ஏறும்படி தூரத்து ஊருக்குப் பேசலாம் என்பதுதான்! ஆக, அட்டை போட்டுப் பேசுவது திருட்டல்ல என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது.

ஆனால் அதற்கு அடுத்த விதி என்ன? வேலை நேரத்தை வேலைக்கே நாணயமாகச் செலவிட வேண்டும் என்பது. கருவியைத் தொட அனுமதித்த கையோடு, நேரத்தையும் நினைவுபடுத்திவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் டெலிபோனுக்கென்றே தனி விதியும் இருந்தது. அதில் மூன்று நிபந்தனைகள். பேச்சினால் வேலை கெடக்கூடாது. பேச்சு அளவாகவும், எப்போதாவதும் இருக்க வேண்டும். வேறு நேரத்தில் பேச முடியாததாக இருக்க வேண்டும். வேலை நேரம் மாறியதை வீட்டுக்குச் சொல்வது, சிறு குழந்தையோடு பேசுவது, வீட்டில் அவசர ரிப்பேருக்கு ஏற்பாடு செய்வது போன்றவற்றை அந்த விதியே அனுமதித்தது.

நமக்கும் இந்த மூன்றும் நல்ல சல்லடை. நாலு காரியங்களைச் சலித்துப் பார்ப்போம்.

தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேசலாமா? தாராளமாகப் பேசலாம். தடுக்கும் மானேஜருக்கு மனம் இல்லை.

தீபாவளி வாழ்த்துச் சொல்ல வேண்டும். பேசலாம். சாப்பாட்டு இடைவேளையில், ஐந்து நிமிடம்.

தங்கைக்கு வரன் பார்த்திருக்கிறார்கள். ஜாதகம், நகை, சத்திரம் எல்லாம் பேச வேண்டும். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அது ஐந்து நிமிடத்தில் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பேசுவதே நல்லது.

ஊரில் மனை வாங்கி விற்கிறார். தரகரோடு பேச வேண்டும். கூடாது. அட்டை போட்டாலும் கூடாது. ஆபீசில் உட்கார்ந்து வேறு வியாபாரம் செய்ய எந்த அட்டையும் உரிமை தராது.

ஒட்டுக் கேட்கலாமா?

'ஆபீஸ் லைன்தானே, யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பேன்' என்று மேலதிகாரி சொல்லலாமா?

1983-ம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதற்குப் பதில் சொன்னது. விளம்பரம் பிடிக்கும் கம்பெனி ஒன்றில் ஒரு பெண் வேலை பார்த்தார். வியாபாரப் பேச்சை மேலதிகாரிகள் கேட்பது அங்கே வழக்கம். ஊழியர்களுக்கும் அது தெரியும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சிநேகிதி கூப்பிட்டார். வேறு கம்பெனியில் வேலைக்கு முயன்றது பற்றிப் பேச்சு வந்தது. அதை மேலதிகாரி கேட்டுவிட்டார். அந்தப் பெண் வழக்குப் போட்டார்.

சொந்தப் பேச்சா, வியாபாரப் பேச்சா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குக் கேட்கலாம். சொந்தப் பேச்சு என்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று நீதிபதிகள் கருதினார்கள். வழக்கைத் தொடர்ந்து விசாரிக்கும்படி கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

லைன் ஆபீசுடையது. ஆனால் அதன் வழியாகப் போகும் மனசு ஆபீசுடையது அல்ல. மகன் தாயிடம் அழுவதைக் கேட்க எந்த மானேஜருக்கும் உரிமை இல்லை. எவ்வளவு நேரம் பேசினார் என்று பார்க்கட்டும். என்ன பேசினார் என்று கேட்க வேண்டாம்.

ரகசிய எண் பத்திரம்!

அட்டை போட்டுப் பேசியவருக்கும் ஓர் ஆபத்து இருந்தது. பலர் அதை அறியவில்லை.

ஆபீஸ் டெலிபோன்களில் 'ரீடயல்' என்ற பட்டன் உண்டு. கடைசியாக அழுத்திய எண்ணை அது தானாகவே மறுபடி அழுத்தும். சில டெலிபோன்களில் ரகசிய எண்ணும் அதில் சேர்ந்துவிடும். அடுத்து வருகிறவர் அந்தப் பட்டனைத் தொட்டால் போதும். சில டெலிபோன்களின் சின்னத் திரையில் எண்கள் வரிசையாகத் தெரியும். பின்னால் நிற்கிறவர் படித்துவிடலாம். சில பி.பி.எக்ஸ்.கள் பேச்சு ஆரம்பமான பிறகு அழுத்தும் எண்களையும் பதிவு செய்யும். அந்தப் பதிவு யார் மேஜைக்குப் போகிறதோ, யாருக்குத் தெரியும்?

முன்பண அட்டை என்றால் மிச்சமிருக்கும் பணம் போகும். மாதக் கடைசியில் கட்டும் அட்டை என்றால், பில் வந்தபிறகுதான் மோசம் போனது தெரியும்.

இதற்கு எளிய தற்காப்பு உண்டு. பேசி முடித்ததும் ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். பக்கத்து மேஜை எண் எதையாவது அழுத்திவிட்டு வையுங்கள். 'ரீடயல்' பட்டனில் அந்த எண்தான் நிற்கும். இன்று டெலிபோன் மூலம் பாங்கிக் கணக்கின் ரகசிய எண்ணை அழுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எல்லோருக்கும் ஒரே விதி

"இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள்" என்று முதலாளிகள் பயப்படுவார்கள். பயத்துக்கு மருந்து தடை அல்ல; தெளிவான விதி.

விதி இல்லாத ஆபீசில் என்ன நடக்கும்? மானேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். அது 'முக்கியமான பேச்சு' ஆகிவிடும். குமாஸ்தா பொது மேஜையில் இரண்டு நிமிடம் பேசுவார். அது 'வம்பு' ஆகிவிடும். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் காவல்காரருக்கும் மேஜையே கிடையாது. அவர்கள் வீட்டில் அவசரம் என்றால் யாரிடமாவது தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

ஆகவே விதியை எழுதி ஒட்டுங்கள். அவசரப் பேச்சுக்கு எப்போதும் அனுமதி. மற்றப் பேச்சு இடைவேளையில். இவ்வளவு நிமிடம். வியாபாரம் கூடாது. முதலாளி முதல் காவல்காரர் வரை இதே விதி. முடிந்தால் தனியாக ஒரு லைனையும் ஒரு டெலிபோனையும் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பொது லைன்கள் தப்பும். ஊழியரின் மானமும் தப்பும்.

இன்று என்ன நிலை?

இன்று எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. இன்டர்நெட் மூலம் முகம் பார்த்தே பேசுகிறார்கள். டெலிபோன் அட்டையின் செல்வாக்கு குறைந்துவிட்டது.

ஆனால் கேள்வி போய்விட்டதா? போகவில்லை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் இன்றும் உண்டு. வாடிக்கைக்காரர்களின் பணக் கணக்கைக் கையாளும் அழைப்பு மையங்களில் சிலவும், ரகசியம் காக்கும் தொழிற்சாலைகளில் சிலவும் அப்படிச் செய்கின்றன. அங்கே வேலை செய்கிறவருக்கு வீட்டோடு இருக்கும் ஒரே தொடர்பு ஆபீஸ் டெலிபோன்தான். செல்போனைப் பிடுங்கி வைக்கும் நிர்வாகம், அவசரத்துக்கு ஓர் எண்ணை வீட்டாருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இது கருணை அல்ல, கடமை.

செல்போன் அனுமதிக்கும் ஆபீசிலும் நிலை மாறிவிடவில்லை. போன் என்னுடையது, காசு என்னுடையது என்று சொல்லலாம். லைனும் நம்முடையதே. ஆனால் நேரம்? அது இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அட்டைக் காலத்தில் மூன்று கணக்கு இருந்தது: கட்டணம், லைன், நேரம். முதல் இரண்டும் மறைந்துவிட்டன. மூன்றாவது மட்டும் மிச்சம்.

வாசகர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். உங்கள் மேலதிகாரியிடம் ஒரு தரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "வீட்டில் அவசரம் என்றால் பேசலாமா, ஐயா?" கேட்டுவிட்டுப் பேசுகிறவருக்குக் குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். மகனோ மகளோ ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டால், முதலில் வந்த விஷயத்தைக் கேளுங்கள். ஊர்க் கதையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.